கிறிஸ்டோ போபோவின் ஊர் வரை: பிரான்சில் ஐந்து நாள்

முதல் நாள்: ஜனவரி 12, 2026, திங்கள், பாரிஸ்

கடந்த டிசம்பர் 21 ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரில் என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, சீனாவின் ஹாங்ஜோ நகரில் நடந்த இறகுப்பந்து உலக டூர் நிறைவுப் போட்டியின் ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டத்தைப் பார்த்தேன். வலையின் ஒரு பக்கம் நடப்பு உலகச் சாம்பியன் ஷி யூ சி. அவருக்கு அது சொந்த நாடு, சொந்த ரசிகர்கள். மறுபக்கம் 23 வயதான பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோ போபோவ். ஓராண்டு முழுவதும் உலகச் சுற்றில் ஆடிச் சேர்த்த புள்ளிகளின்படி முன்னணியில் நிற்கும் எட்டுப் பேர் மட்டுமே அழைக்கப்படும் அந்தப் போட்டியில், அதுவரை பிரான்சைச் சேர்ந்த எவரும் பட்டம் வென்றதில்லை. போபோவ் நேர் செட்களில் வென்றார்.

மாலைதோறும் ராக்கெட் பிடித்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இறகுப்பந்து என்றதும் என் மனத்தில் எழுவது சீனா, இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா, டென்மார்க், அண்மைக் காலத்தில் நம் நாடு என்று ஒரு வரைபடம். அதில் பிரான்சுக்கு இடமே இருந்ததில்லை. டென்னிஸும் கால்பந்தும் சைக்கிள் பந்தயமும் கோலோச்சும் ஒரு நாட்டிலிருந்து இப்படியோர் ஆட்டக்காரர் எங்ஙனம் வந்தார், எந்தக் கூடத்தில் ஆடி வளர்ந்தார் என்ற கேள்வி என்னை விடவில்லை. சேர்த்து வைத்திருந்த விடுப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

தங்கியிருப்பது லா ஷபெல் பகுதியில், யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று நடத்தும் மளிகைக் கடைக்கு மேலே உள்ள ஓர் அறையில். கடைக்கார அம்மாவிடம் வந்த காரணத்தைச் சொன்னேன். "ஓ, பூப்பந்தோ? எங்கட மகளும் பாடசாலையில அதுதான் விளையாடுறா, தம்பி. இங்க எல்லாப் பிள்ளையளும் விளையாடுங்கள்" என்றார். நம் ஊரில் பூப்பந்து என்றால் கம்பளிப் பந்தில் ஐந்து பேர் ஆடும் வேறோர் ஆட்டம். ஈழத்தில் அதே சொல் இறகுப்பந்தைக் குறிக்கிறது. பெயரை விட அவர் சொன்ன செய்தியே என்னை நிறுத்தியது. பிரெஞ்சுப் பள்ளிகளில் மிகுதியாக ஆடப்படும் விளையாட்டுகளில் இறகுப்பந்து ஒன்று என்று படித்திருந்தேன். வந்த முதல் மணி நேரத்திலேயே ஒரு தாயின் வாயால் அது உறுதியாகிவிட்டது.

மதியம் அங்கிருந்து வடக்கே, மார்க்ஸ் தொர்முவா நிலையத்தைக் கடந்து, போர்ட் த லா ஷபெல் வரை நடந்தேன். நகரைச் சுற்றி வளைக்கும் வட்டச் சாலையின் இரைச்சலுக்கு அருகில் நிற்கிறது அடிடாஸ் அரங்கம். 2024 ஒலிம்பிக்கிற்காகப் பாரிஸ் நகர எல்லைக்குள் புதிதாகக் கட்டப்பட்ட இதில் ஏறத்தாழ 8,000 பேர் அமரலாம். அந்த ஆண்டு மார்ச்சில் இறகுப்பந்துக்கான பிரெஞ்சு ஓப்பன் இங்கே நடந்தபோது நம் சாத்விக்கும் சிராகும் இரட்டையர் பட்டம் வென்றார்கள். செப்டம்பர் 2 ஆம் தேதி பாராலிம்பிக்கில் தமிழ்நாட்டின் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் வாங்கிய இடமும் இதுவே. பூட்டிய கண்ணாடிக் கதவுகளின் முன் அந்த மூன்று பெயர்களையும் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் நான் தேடி வந்த ஆட்டக்காரர் 2024 ஒலிம்பிக்கில் இங்கே ஆடவில்லை. ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு நாட்டிலிருந்து இரண்டு பேர் நுழைய வேண்டுமென்றால், தகுதித் தரவரிசையில் இருவருமே முதல் 16 இடங்களுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவருக்கு மட்டுமே இடம். பிரான்சின் அந்த ஒற்றை இடம் கிறிஸ்டோவின் அண்ணன் தோமா ஜூனியர் போபோவுக்குச் சென்றது. தோமா குழுச் சுற்றில் இந்தோனேசியாவின் அந்தோணி கின்டிங்கை, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவரை, உள்ளூர்க் கூட்டத்தின் முன் வீழ்த்திவிட்டு அடுத்த சுற்றில் வெளியேறினார். இரட்டையரிலும் இடம் வேறு இணைக்கே கிடைத்தது. தன் நாட்டில் நூறாண்டுகளுக்குப் பிறகு நடக்கும் ஒலிம்பிக்கில், இருபத்திரண்டு வயதில், உடல் முழுத் தெம்போடு இருக்கும்போது பார்வையாளராக நிற்க நேர்வது எத்தகைய வலியாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே அரங்கத்தைச் சுற்றி வந்தேன். பல நாடுகள் பங்கேற்க வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட அந்த விதி நியாயமானதுதான். நியாயமான விதியும் சிலரைக் கடுமையாகவே தாக்குகிறது.

அரங்கத்தோடு சேர்த்து, சுற்றுவட்டார மக்களுக்கென இரண்டு விளையாட்டுக் கூடங்களையும் கட்டியிருக்கிறார்கள். பெரிய அரங்கத்தில் ஆண்டின் பெரும்பகுதி கூடைப்பந்தும் இசை நிகழ்ச்சிகளும். இந்தச் சிறு கூடங்களில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். நான் தேடும் விடை சிறு கூடங்களின் பக்கம்தான் இருக்கும் என்று தோன்றியது.

இரண்டாம் நாள்: ஜனவரி 13, செவ்வாய், பாரிஸ்

இன்று பாரிஸின் மேற்கு ஓரத்தில், போர்ட் த சான் குளூ மெட்ரோ நிலையத்தின் அருகில் உள்ள பியேர் த குபெர்தான் அரங்கத்துக்குப் போனேன். 1937 இல் கட்டப்பட்ட இந்தப் பழைய அரங்கத்தில்தான் பிரெஞ்சு ஓப்பன் பல ஆண்டுகள் நடந்தது. 2017 இல் கிதாம்பி ஸ்ரீகாந்த் பட்டம் வென்றது இங்கேதான்; 2010 உலகச் சாம்பியன்ஷிப்பும் இங்கேதான். நான் போனபோது உள்ளே கைப்பந்துப் பயிற்சி நடந்துகொண்டிருக்கலாம், காலணிகள் தரையில் உரசும் ஓசை மட்டும் வெளியே கேட்டது.

போபோவ் திடீரென்று முளைத்தவர் அல்லர் என்பதைச் சொல்ல இந்த இடமே பொருத்தம். அவருக்கு முன்னால் பி ஹோங்யான் இருந்தார். 1979 இல் சீனாவின் சோங்சிங் நகரில் பிறந்து, ஐரோப்பாவுக்கு வந்து முதலில் டென்மார்க்கிலும் பிறகு பிரான்சிலும் ஆடி, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் அவர். 2007 இல் ஆல் இங்கிலாந்து போட்டியின் இறுதி வரை சென்றார். 2009 ஆகஸ்டில் நம் ஹைதராபாத்தில், கச்சிபௌலி உள்ளரங்கத்தில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் அவர் வென்ற வெண்கலம்தான் இறகுப்பந்தில் பிரான்சின் முதல் உலகப் பதக்கம். அந்தப் போட்டியில் நம் கண்கள் எல்லாம் சாய்னா மீதே இருந்ததால், ஒரு நாட்டின் விளையாட்டு வரலாறு நம் மண்ணில் தொடங்கியதை நம்மில் எவரும் கவனிக்கவில்லை. அடுத்த உலகப் பதக்கத்துக்குப் பிரான்ஸ் பதினாறு ஆண்டுகள் காத்திருந்தது. நேற்று பார்த்த அரங்கத்தில் 2025 ஆகஸ்டில் தோம் ஜிக்கெலும் தெல்ஃபின் தெல்ரூவும் கலப்பு இரட்டையரில் வெண்கலம் வென்றபோதுதான் அந்தக் காத்திருப்பு முடிந்தது.

பி ஹோங்யானை வெளியிலிருந்து வந்தவர் என்று சொல்லி ஒதுக்கியவர்கள் உண்டென்றால், அவர்களுக்குப் பிரிஸ் லெவெர்டெஸ் பதில் சொன்னார். பாரிஸ் வட்டாரத்தில் பிறந்த இந்த இடக்கை ஆட்டக்காரர் லண்டன், ரியோ, டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக்கில் ஆடியவர். 2017 ஆகஸ்டில் கிளாஸ்கோவில், உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றிலேயே மலேசியாவின் லீ சோங் வெய்யை 21-19, 22-24, 21-17 என்று வீழ்த்தினார். மூன்று ஒலிம்பிக் வெள்ளிகளைக் கைவசம் வைத்திருந்த அந்த மாமேதை முதல் சுற்றில் வெளியேறியதை நான் நேரலையில் பார்த்தேன். அன்று அதைச் சோங் வெய்யின் தோல்வியாக மட்டுமே பார்த்தேன். வென்றவரின் பெயரைக்கூட மறுநாள் மறந்துவிட்டேன். இன்று அந்த அலட்சியத்தை நினைத்து வருந்துகிறேன். தரவரிசையில் பின்னால் நிற்கும் ஒருவர், இரண்டாவது செட்டைக் கடைசிப் புள்ளியில் இழந்த பிறகும் மூன்றாவது செட்டில் நிதானம் இழக்காமல் ஆடி முடிப்பது எவ்வளவு அரிது என்பது மாவட்ட அளவில் ஆடித் தோற்றவர்களுக்குக்கூடத் தெரியும்.

மூன்றாம் நாள்: ஜனவரி 14, புதன், பாரிஸ்

காலையில் வான்சென் காட்டின் நடுவே இருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் சுற்றுச்சுவரை மட்டும் பார்த்துத் திரும்பினேன். அனுமதியின்றி உள்ளே போக முடியாது. பிரான்சின் முன்னணி இறகுப்பந்து வீரர்கள் பலருக்கும் பயிற்சிக்களம் இதுவே. 2005 இல் கான் நகரில் பிறந்த அலெக்ஸ் லானியே இந்த அமைப்பு உருவாக்கிய ஆட்டக்காரர். 2024 ஆகஸ்டில் யோகோஹாமாவில் நடந்த ஜப்பான் ஓப்பனில் காத்திருப்போர் பட்டியலிலிருந்து இடம் பெற்று நுழைந்து, இறுதியில் தைவானின் சோ தியென் சென் என்பவரை 21-17, 22-20 என்று வென்று பட்டத்தோடு ஊர் திரும்பினார். போபோவ் சகோதரர்களின் அடித்தளமோ தெற்கே, தந்தையின் கைப்பயிற்சியில் போடப்பட்டது. அரசு வளர்க்கும் பாதை ஒன்று, வீடு வளர்க்கும் பாதை இன்னொன்று. இரண்டுக்கும் இடம் கொடுத்ததுதான் இந்நாட்டின் அண்மைக் கால வளர்ச்சிக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

மாலையில் நடந்ததை விரிவாக எழுத வேண்டும். கடைக்கார அம்மாவின் அண்ணன் மகன், இங்கேயே பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவன், தன் சங்கத்துக்கு என்னை விருந்தாளியாக அழைத்துப் போனான். சங்கம் என்றதும் சொந்தக் கட்டடம், கேன்டீன், அறிவிப்புப் பலகை என்று நான் கற்பனை செய்திருந்தேன். போய்ச் சேர்ந்த இடம் ஒரு நகராட்சிக் கூடம். பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு, ஆறு மணிக்குக் கைப்பந்து, எட்டு மணிக்கு இறகுப்பந்து. தரையில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு நிறத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடப்பட்டிருந்தன. எங்கள் கோடு எது என்று கண் பழகவே எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. வந்தவர்கள் எல்லோருமே முதலில் வலைக் கம்பங்களை உருட்டி வந்து நிறுத்தி, வலை கட்டி, ஆடி முடித்த பின் அவிழ்த்து அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அதற்கென்று தனியாக ஆள் இல்லை.

பந்தை இவர்கள் வொலான் என்கிறார்கள். பறப்பது என்று பொருள். ஆட்டத்தைச் செல்லமாக வெறுமனே பாத் என்கிறார்கள். புதியவர்கள் பிளாஸ்டிக் பந்திலும் தேர்ந்தவர்கள் இறகுப் பந்திலும் ஆடுகிறார்கள். ஐந்து கிராம் அளவே எடையுள்ள, பதினாறு இறகுகள் செருகிய அந்தப் பந்து ஒரு விறுவிறுப்பான ஆட்டத்தில் சில நிமிடங்களில் சிதைந்துபோகும் என்பதால், நம் ஊரைப் போலவே இங்கும் ஓர் இறகு ஒடிந்த பந்தை யாரும் தூக்கியெறிவதில்லை. ஒரு டப்பாவில் சேர்த்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறார்கள். அந்த டப்பாவைப் பார்த்ததும் என் மன்றத்துக்கே வந்துவிட்டதைப் போல இருந்தது.

ஒரு செவிலியர், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், அந்த மாணவன், நான் என்று நால்வர் இரட்டையர் ஆடினோம். ஆசிரியருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வலையோரத்தில் அவர் வைத்த டிராப் ஒவ்வொன்றும் நாடாவைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. இடைவேளையில் போபோவைப் பற்றிக் கேட்டேன். ஹாங்ஜோ இறுதியை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மறுநாள் தம் அலுவலகங்களில் அதைப் பேச ஆளில்லை என்று சொன்னார்கள். இங்கே இறகுப்பந்துக் கூட்டமைப்பு டென்னிஸின் குடையிலிருந்து பிரிந்து தனியாக எழுந்ததே 1970களின் இறுதியில்தான். இன்று உரிமம் பெற்று ஆடுபவர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். ஆடுகிறவர்கள் இத்தனை பேர் இருந்தும், நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு மூலைதான். நம் ஊரிலும் சாய்னா வரும்வரை நிலைமை இதுவே.

பத்து மணிக்குக் கூடத்தின் விளக்குகளை அணைத்தார்கள். வலையை மடித்து அடுக்கிவிட்டுக் கிளம்பினோம்.

நான்காம் நாள்: ஜனவரி 15, வியாழன், மார்செய்

இன்று தைப்பொங்கல். விடியுமுன் அம்மா கடைக்குப் பின்னால் பொங்கல் வைத்து, ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கலைக் கட்டிக் கொடுத்து, "ரயில்ல சாப்பிடுங்கோ தம்பி" என்று வழியனுப்பினார். லியோன் ரயில் நிலையத்தில் ஏறிய அதிவேக ரயில் மூன்றே கால் மணி நேரத்தில் மார்செய் வந்து சேர்ந்தது. வழியெல்லாம் குறிப்பேட்டில் போபோவின் ஆட்ட வாழ்க்கையை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன்.

கிறிஸ்டோ 2002 மார்ச் 8 இல் பல்கேரியாவின் சோஃபியா நகரில் பிறந்தவர். அண்ணன் தோமா 1998 இல் அதே ஊரில் பிறந்தவர். தந்தை தோமாஸ் போபோவ் பல்கேரியாவுக்காக ஆடியவர். குடும்பம் பிரான்சின் தென்கரைக்குக் குடிபெயர்ந்து, ஃபோஸ்-சுர்-மேர் என்ற சிற்றூரில் தங்கியது. பிள்ளைகள் இருவரையும் தந்தையே பயிற்றுவித்தார். 2019 இல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த இளையோர் உலகச் சாம்பியன்ஷிப்பில் கிறிஸ்டோ இறுதி வரை சென்றார். எதிரே தாய்லாந்தின் குன்லவுட் விடிட்சார்ன். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அதே பட்டத்தை வென்றிருந்த குன்லவுட், அன்று கிறிஸ்டோவை மூன்று செட்களில் தோற்கடித்து மூன்றாவது முறையாகவும் வென்றார். அவரே பின்னர் 2023 இல் உலகச் சாம்பியனாகி, பாரிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளியும் பெற்றார். அத்தகைய ஒருவரிடம் பதினேழு வயதில் ஒரு செட் பறித்தது சிறிய செய்தி அல்ல.

இளையோர் பட்டியலிலிருந்து பெரியவர்களின் சுற்றுக்கு மாறும் இடத்தில்தான் பெரும்பாலானோர் தேங்கிப்போகிறார்கள். உலகத் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளைக் கூட்டிக் கணக்கிடப்படுவது. சென்ற ஆண்டு இதே வாரம் வென்ற புள்ளிகள் இந்த வாரம் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும். நின்ற இடத்தில் நிற்பதற்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜனவரியில் கோலாலம்பூர், டெல்லி, மார்ச்சில் பர்மிங்காம், கோடையில் ஜகார்த்தா, இலையுதிர் காலத்தில் ஒடென்ஸ் என்று விமானமும் விடுதியும் அரங்கமுமாக ஆண்டு கழியும். பெரிய போட்டிகளில் இடம் கிடைக்கத் தரவரிசை வேண்டும். தரவரிசை உயரப் பெரிய போட்டிகள் வேண்டும். இந்தச் சுழலிலிருந்து மேலே வரக் கிறிஸ்டோவுக்கு ஆண்டுகள் சில பிடித்தன. 2024 மார்ச்சில் ஜெர்மன் ஓப்பனை வென்றார். அந்தப் பட்டமும் அவரை ஒலிம்பிக்கிற்குள் கொண்டு சேர்க்கப் போதவில்லை.

இதில் இன்னொரு சுமையையும் அவர் தாமாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார். இன்றைய இறகுப்பந்தில் ஒற்றையர் ஆடுபவர் பெரும்பாலும் இரட்டையர் ஆடுவதில்லை. இரண்டுக்கும் வேண்டிய உடலும் அறிவும் வேறு வேறு என்று ஆகிவிட்டது. ஒற்றையரில் கோர்ட்டின் நான்கு மூலைகளுக்கும் தனியாளாக ஓடி, ரேலியை நீட்டி, எதிராளியைக் களைப்பாக்க வேண்டும். இரட்டையரில் ஓடுவதற்கு நேரமே இல்லை. நெஞ்சுக்கு நேராக வரும் தட்டையான அடிகளை நொடிக்கும் குறைவான நேரத்தில் திருப்ப வேண்டும். கிறிஸ்டோவும் தோமாவும் ஒற்றையரில் தனித்தனியாகவும் இரட்டையரில் சேர்ந்தும் உலகின் உயர்மட்டத்திலேயே ஆடி வந்திருக்கிறார்கள். ஒரே நாளில் காலையில் ஒற்றையரும் மாலையில் இரட்டையரும் ஆடுவது, சில சமயம் ஒற்றையரில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றுவிட்டு இரட்டையரில் தோளோடு தோள் நிற்பது என்பதெல்லாம் நினைக்கவே மலைப்பாக இருக்கிறது.

இரட்டையரை விட்டிருந்தால் கிறிஸ்டோ இன்னும் முன்னதாக உயர்ந்திருப்பார் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். கால்கள் களைத்துப்போகும் என்ற அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஊருக்குத் திரும்பியதும், ஹாங்ஜோ இறுதியை மீண்டும் ஒரு முறை பாருங்கள் என்று என் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்வேன். ஷி யூ சி வலையோரத்தில் பந்தைக் குறுக்கே திருப்பும்போது போபோவின் ராக்கெட் முன்கூட்டியே மேலே நிற்கிறது. உடலை நோக்கி வரும் ஸ்மாஷை அவர் பின்வாங்கித் தூக்காமல் தட்டையாகவே திருப்பி அடிக்கிறார். இரட்டையர் ஆடி ஆடிக் கை கற்றுக்கொண்ட பாடம் அது. வீட்டில் இரண்டு பிள்ளைகளும் பயிற்சி கொடுக்க ஒரு தந்தையும் மட்டுமே இருக்கும்போது, ஒருவரோடு ஒருவர் ஆடுவதும் ஒருவருக்காக ஒருவர் ஆடுவதும் தவிர வேறென்ன வழி இருந்திருக்கும்?

மார்செய் நிலையத்தின் பெரும் படிக்கட்டில் அமர்ந்து, ஆறிப்போன பொங்கலின் மிச்சத்தைச் சாப்பிட்டேன். முந்திரி இரண்டு கடைசியில் கிடைத்தன.

ஐந்தாம் நாள்: ஜனவரி 16, வெள்ளி, ஃபோஸ்-சுர்-மேர்

காலையிலிருந்தே மிஸ்த்ரால் வீசுகிறது. ரோன் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து இறங்கி வரும் இந்தக் குளிர்காற்று பிடித்தால் நாள்கணக்கில் விடாது என்கிறார்கள். மார்செய்யிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். மார்த்திகில் இறங்கிப் பேருந்து மாறி வந்தேன். ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் எண்ணெய்த் தொட்டிகளும் புகைபோக்கிகளும். சுற்றுலா அஞ்சலட்டைகளில் வரும் தெற்குப் பிரான்ஸ் இது அன்று. 1960களின் இறுதியிலிருந்து இங்கே கட்டப்பட்ட பெரும் துறைமுகத்தையும் இரும்பு ஆலையையும் சுற்றி எழுந்த தொழிலாளர் ஊர் இது. அதற்கும் முன்னால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தி, ரோமானியத் தளபதி மாரியுஸின் படைவீரர்கள் இங்கே ஒரு கால்வாயை வெட்டினார்கள்; ஊரின் பெயர் அந்தக் கால்வாயிலிருந்து வந்தது.

பழைய ஊர் ஒரு சிறு பாறைக் குன்றின்மேல் இருக்கிறது. இடைக்காலக் கோட்டையின் சுவர்களும் ஒரு சிறு தேவாலயமும் கல் பாவிய சந்துகளும். மேலே ஏறி நின்றால் ஒரே பார்வையில் கடற்கரையும் கப்பல்களும் ஆலைப் புகையும் தெரிகின்றன. காற்றின் வேகத்தில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, இங்கே வெட்டவெளியில் ஒரு பந்தைக்கூட நேராக அடிக்க முடியாது என்ற எண்ணம் வந்தது. ஐந்து கிராம் பந்துக்கு அரங்கத்தின் குளிர்சாதனக் காற்றே பகை; அரங்கத்துக்கு அரங்கம் பந்து விலகும் திசையைக் கண்டுபிடிப்பதே தொழில்முறை ஆட்டக்காரரின் முதல் வேலை. ஆக, இந்த ஊரில் இறகுப்பந்து ஆடியவர்கள் நான்கு சுவருக்குள் ஆடியிருக்க வேண்டும்.

குன்றிலிருந்து இறங்கி, நகராட்சியின் விளையாட்டுக் கூடம் இருக்கும் தெருவை விசாரித்துப் போனேன். பாரிஸில் பார்த்ததைப் போன்ற அதே வகைக் கட்டடம். தகரக் கூரை, உயரத்தில் ஒரு வரிசை ஜன்னல், பக்கத்தில் சைக்கிள் நிறுத்துமிடம். கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே தரையில் பல நிறக் கோடுகளும் சுவரோரம் சாய்த்து வைத்த வலைக் கம்பங்களும் தெரிந்தன. பிறந்த நாட்டை விட்டு வந்த ஒரு தந்தை, மொழி புதிது, ஊர் புதிது என்ற நிலையில் தமக்குத் தெரிந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தேர்ந்துகொண்ட இடம் இப்படியொரு கூடம்தான். பதினைந்தாயிரத்துக்குச் சற்றே கூடுதலானோர் வாழும் ஓர் ஊரில், மாலையில் பூட்டைத் திறந்து, வலை கட்டி, ஒடிந்த இறகுப் பந்துகளை ஒரு கூடையில் நிரப்பி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கொடுக்க ஒருவர் ஆயிரக்கணக்கான மாலைகள் நின்றிருக்க வேண்டும். ஹாங்ஜோவில் நான் வியந்த அந்தத் தட்டையான திருப்படிக்கு இதைவிடப் பெரிய இரகசியம் எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கதவின் முன் வெகு நேரம் நின்றிருந்தேன். அவ்வழியே நாயோடு வந்த ஒரு முதியவர் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கும் அளவுக்கு.

மாலை ஐந்தரைக்குத் திரும்பும் பேருந்து. பள்ளி விட்ட நேரம். பிள்ளைகள் கூட்டமாக ஏறினார்கள். பன்னிரண்டு வயது இருக்கக்கூடிய ஒரு பையன், தன் முதுகை விட உயரமான ராக்கெட் பையோடு என் எதிர் இருக்கையில் அமர்ந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், பாத் ஆடுகிறாயா என்று கேட்டேன். தலையசைத்தான். நானும் ஆடுவேன், இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றேன். கண்கள் விரிய என் கையைப் பார்த்தான், ராக்கெட் பிடித்த தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பவனைப் போல. உள்ளங்கையைக் காட்டினேன். அவனும் தன்னுடையதைக் காட்டினான்; ஆள்காட்டி விரலின் அடியில் தோல் தடித்திருந்தது.

நாளை போட்டி இருக்கிறதாம். ஒற்றையரா, இரட்டையரா என்று கேட்டேன்.

"இரண்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் பையைத் தூக்கிக்கொண்டு காற்றுக்குள் இறங்கிப் போனான்.